இப்ப கேக்குதா?

ஆஸ்பத்திரியில் காது சோதனை அறை எங்கே என்று மோட்டார் மெக்கானிக் நாலு பேரிடம் கேட்டார். நாலு பேரும் சொல்லிவைத்தாற்போல் வலது பக்கம் நின்றே வழி சொன்னார்கள். அதுதான் செத்த காது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பொட்டென்று அடைத்துக்கொண்டது. தலை சுற்றல், உள்ளே ஓயாத ரீங்காரம். தெருமுனை டாக்டர் எட்டிக்கூடப் பார்க்காமல், "அழுக்குதான்" என்று சொட்டு மருந்து கொடுத்தார். அதை நம்பி ஒரு வாரம் பாழாய்ப் போனது. "திடீர்னு காது போனா உடனே வர வேண்டாமாய்யா?" என்று ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சத்தம் போட்டார். அவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் சர்க்கரை எகிறியது, தூக்கம் போனது, காது மட்டும் திறக்கவில்லை. இன்றைய சோதனையில் முன்னேற்றம் இல்லையென்றால் இனிமேல் செய்ய ஒன்றுமில்லையாம்.

அவர் பிழைப்பே அந்தக் காதில்தான் இருந்தது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரில் வைத்து, பிடியை வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரிக்கும் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"கடப்பாரையையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே," என்றாள் மனைவி, இடது பக்கம் வந்து.

பழைய கட்டடத்தின் கோடியில், ஜன்னலே இல்லாத சோதனை அறை. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பலகை, ஈரத்துணியைப் பூட்டி வைத்த நாற்றம். அன்றைக்கு முதல் ஆள் அவர்தான்.

நாற்காலி சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு. சோதிக்கிற பெண் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க சார்." கதவு மூடியது.

இடது காதில் எல்லாம் கேட்டது. வலது காதில் வெறும் ரீங்காரம். போச்சு, எல்லாம் போச்சு என்று அவருக்கு அழுகை முட்டியது.

ரீங்காரம் நின்றது.

"இப்ப கேக்குதா?"

மூச்சுக் காற்றைப் போன்ற குரல். வலது காதிலேயே! அவர் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

கதவைத் திறந்த பெண் முகம் சுளித்தாள். "வலது காதுல நான் இன்னும் சத்தமே வைக்கல சார்."

"நீங்கதானேம்மா பேசினீங்க?"

"நான் வாயே திறக்கல. காது போனா மூளையே ஏதாவது சத்தம் கிளப்பும் சார், பயப்படாதீங்க."

மறுபடி சோதித்தாள். ஒன்றுமில்லை. பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வீடு வந்தும் அந்தக் குரல் விடவில்லை. சொன்னால் மனைவி, "சாப்பிட்டுப் படுங்க, சரியாயிடும்," என்றாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு மனுஷன் சொல்றதை ஒருத்தராவது நம்பித் தொலைங்களேன்!"

ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணி சுற்றி, தன் வலது காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பிடியை அவள் பக்கம் நீட்டினார். "நீயே கேளு."

"நீங்க என்ன மோட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே பிடியைக் காதோரம் வைத்தாள்.

சிரிப்பு நின்றது.

"யாரோ மூச்சு விடறாங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "கேக்குதான்னு கேக்கறாங்க."

"பதில் சொல்லாதே!"

அதற்குள், "கேக்குது," என்று சொல்லிவிட்டாள்.

அவர் காதில் எதுவோ நகர்ந்தது. குழாய் சொட்டுகிற சத்தம். தெருவில் சைக்கிள் மணி. எல்லாம் வலது காதில்! "கேக்குதுடி! எனக்குக் கேக்குதுடி!" என்று குதித்தார்.

அவள் குதிக்கவில்லை. ஒரு பக்கக் காதை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நின்றாள். கால் தள்ளாடியது.

"என்னங்க, இந்தப் பக்கம் வந்து பேசுங்க," என்று மறு காதைத் திருப்பினாள்.

விழுந்துவிடாமல் அவளைப் பிடித்துக்கொண்டு, மூலையில் யாரும் உட்காராமல் கிடந்த நாற்காலியை அவர் இழுத்தார்.

சூடாக இருந்தது.