பெத்ரோவினிப் பாலத்து மணி

மேற்கு மலைகளுக்குப் பின்னே கதிரவன் இறங்கிவிட்டான். பைன் மரக் காடுகளின் விளிம்பிலே முழுநிலா தலைகாட்டி, செங்குத்தான பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடிய மெலாஸ் ஆற்றின் மீது வெள்ளியை அள்ளி இறைத்துக்கொண்டிருந்தது. காவிரியையும் வைகையையும் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு அதை ஆறு என்று ஒப்புக்கொள்ளவே மனம் வராது, அவ்வளவு ஒடுக்கமானது. ஆனால் வாசகர்களே, யவன தேசத்தின் வடபால் மலைகளிலே பிறந்த அந்த ஆற்றில் தவறி விழுந்தவன் கரையேறியதாக வரலாறே இல்லை. அதனால்தான் அந்த மலைநாட்டார் கரைக்குக் கரை கல்லை வளைத்து, ஒற்றை வளைவில் உயர்ந்து நிற்கும் பாலங்களைக் கட்டினார்கள். அவற்றிலே பெத்ரோவினிப் பாலம் மிக உயரமானது. அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு நட்டு வைத்த கற்கள் மட்டுமே இருபுறமும் உண்டு.

அந்தப் பாலத்தின் அடியிலே, வளைவின் உச்சியில் ஒரு வெண்கல மணி தொங்கியது. பள்ளத்தாக்கிலிருந்து சுழன்று வரும் காற்று குதிரையையும் ஆளையும் சேர்த்துத் தூக்கி எறியும் அளவுக்கு வலுத்தால் மணி ஒலிக்கும். மணி ஒலித்தால் எவரும் பாலத்தில் கால் வைக்கமாட்டார்கள். அரசனே வந்து ஆணையிட்டாலும் வைக்கமாட்டார்கள்.

மூன்று தினங்களுக்கு முன் காற்று வலுத்தது; ஆனால் மணி ஒலிக்கவில்லை. மணியின் நாக்கை எவனோ கழற்றிவிட்டிருந்தான். அதை அறியாமல் பாலத்தில் குதிரையைச் செலுத்திய ஊர்த்தலைவன் ஸ்தாவ்ரோ, இருபத்து நான்கு வயது வாலிபன், ஆற்றோடு போனான்.

அவன் தங்கை ஹைதோ இப்போது கரிய துக்க ஆடையுடன் பாலத்தடிப் பாறையொன்றின் மறைவில் நின்றாள். அவள் கண்களில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழுது தீர்த்துவிட்டாள் என்று எண்ணிவிட வேண்டாம். அவள் அழவே இல்லை. வயிறு பற்றி எரியும்போது அழுகை எங்கிருந்து வரும்? இடைக்கச்சையில் செருகிய குறுவாளின் பிடியை அவள் விரல்கள் இறுகப் பற்றியிருந்தன.

நாக்கைக் கழற்றியவன் யார் என்பதில் ஊருக்கு ஐயமே இல்லை. பாலத்தைக் கட்டி, கயிற்றில் தொங்கி அந்த மணியை மாட்டியவன் கொத்தர் தலைவன் லாம்ப்ரோஸ். ஸ்தாவ்ரோ இறந்த அன்றே அவனும் ஊரைவிட்டு மறைந்தான். வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த லாம்ப்ரோஸுக்குத்தான் சென்ற வசந்தத்தில் ஹைதோ தன் கைக்குட்டையை ரகசியமாகக் கொடுத்திருந்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் பொங்கியது.

புதர் சலசலத்தது. நெடிய உருவம் ஒன்று ஆற்றங்கரைப் பாறைகளைப் பற்றி ஏறி வந்தது. கிழிந்த உடை, முட்களால் கீறுண்ட முகம். நிலவொளியில் அவனை அடையாளம் கண்ட மறுகணம் ஹைதோவின் குறுவாள் அவன் தொண்டைக் குழியில் இருந்தது.

“துரோகி! எந்த முகத்தோடு திரும்பி வந்தீர்?”

லாம்ப்ரோஸ் அசையவில்லை. “குத்துவதென்றால் குத்திவிடு தேவி. அதற்கு முன் இதை வாங்கிக்கொள். இதற்காகத்தான் மூன்று நாளாக ஆற்றோடு இறங்கிப் போனேன்” என்று சொல்லி, தோளிலிருந்த தோல் பையை அவள் முன் நீட்டினான்.

மெழுகு பூசிய அந்தப் பையை அவள் அறிவாள். மலைநாட்டின் நாற்பது ஊர்த் தலைவர்களும் முத்திரையிட்டு, தங்கள் பழைய உரிமைகளைக் காக்கும்படி தலைநகரத்துச் சுல்தானுக்கு எழுதிய விண்ணப்பம் அதில் இருந்தது. ஸ்தாவ்ரோ அதைக் கொண்டுபோகும்போதுதான் மாண்டான். அது போய்ச் சேராவிட்டால் மலைநாடு முழுவதையும் விழுங்கக் காத்திருந்தார் மாகாண ஆளுநர். அவருடைய தளபதி இப்போது எண்பது குதிரை வீரர்களோடு எதிர்க்கரையில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தான்.

“அண்ணன்...?” என்றாள் ஹைதோ. வாள் பிடித்த கை தாழ்ந்தது.

“கீழ்த்துறை மடாலத்தில் அடக்கம் செய்துவிட்டேன். துறவிகள் முறைப்படி எல்லாம் செய்தார்கள்.”

“சொல்லாமல் ஏன் போனீர்? ஊரே உம்மைக் கொலைகாரன் என்கிறது! நானும் நம்பினேன்!”

“சொல்லிக்கொண்டிருந்தால் வெள்ளம் அவரைக் கீழ்த்துறைக்கு அப்பால் இழுத்துப் போயிருக்கும்” என்ற லாம்ப்ரோஸின் குரலிலும் சினம் ஏறியது. “நீயும் நம்பினாயா? என் கையால் மாட்டிய மணியை நானே ஊமையாக்குவேன் என்று நம்பினாயா? கேள். நாக்கைக் கழற்றக் கயிற்றில் தொங்க வேண்டியதில்லை. பாலத்து உச்சியில் ஒரு தளக்கல்லைப் பெயர்த்தால் கை நுழையும் அளவுக்குத் துளை உண்டு. கொக்கிக்கு எண்ணெய் விடுவதற்காக வைத்தேன். அதை அறிந்தவர் மூவர். நான், காலஞ்சென்ற உன் தந்தை, உன் சிற்றப்பா கிரியாகோஸ்.”

ஹைதோவால் நம்ப முடியவில்லை. சிற்றப்பாவா? ஸ்தாவ்ரோவின் சாவுக்குத் தலையில் அடித்துக்கொண்டு புரண்டு அழுதாரே! மறுநாளே தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, “வேறு வழியில்லை” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே தளபதிக்குத் தூது அனுப்பினாரே! பாலத்தின் இக்கரை முகப்பைக் காக்கும் கோபுரக் கதவின் சாவியை இன்றிரவு தம் கையாலேயே அவனிடம் ஒப்படைக்கப் போகிறாரே!

“சான்று இல்லாமல் ஊர் நம்பாது” என்றாள், பல்லைக் கடித்தபடி.

“சான்று இருக்கும். அந்த மணி நாக்கு திருநாளன்று குருவானவர் எண்ணெய் பூசி ஆசீர்வதித்த இரும்பு. நம் மலைநாட்டான் எவனும் அதை ஆற்றில் எறியமாட்டான், உருக்கவும் மாட்டான். எங்கோ பத்திரமாக வைத்திருப்பான்.”

ஹைதோ சட்டென்று திரும்பினாள். வீட்டின் பூஜை மாடத்தில் அந்திவிளக்கு ஏற்றுவது பெண்களின் பொறுப்பு. மூன்று நாளாகச் சிற்றப்பா அவளை அந்த மாடத்தின் அருகிலேயே விடவில்லை. “என் மகனின் ஆன்ம சாந்திக்காக நானே ஏற்றுகிறேன் அம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னபோது, அவள் மனம் உருகியல்லவா போயிற்று!

“இங்கேயே இரும்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சாம்பல் நிறக் கற்பலகைகள் வேய்ந்த அந்தப் பெரிய வீட்டிலே கிரியாகோஸ் வெள்ளிப் பொத்தான் வைத்த மேலங்கியை அணிந்து, கழுத்தில் இரும்புச் சாவியை மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கே போயிருந்தாய் மகளே?”

“ஆற்றைப் பார்க்கப் போயிருந்தேன், சிற்றப்பா.”

“பார்த்து என்ன பயன்? போனவன் போனான். இருப்பவர்களைக் காக்க வேண்டியது என் கடமை. காற்று எழுவதற்குள் பாலத்தைக் கடந்துவிட வேண்டும்” என்று கூறி, அவள் தலையை வருடிவிட்டுப் போனார். அந்தக் கை பட்ட இடம் நெருப்பாகத் தகித்தது. ஆயினும் ஹைதோ இமைகூட அசைக்கவில்லை.

அவர் காலடியோசை முற்றத்தில் தேய்ந்ததும் மாடத்தின் திரையை விலக்கினாள். கன்னி மாதாவின் திருவுருவப் பலகைக்குப் பின்னே, பட்டுத் துணியில் சுற்றி, புது எண்ணெய் பூசி, மணியின் நாக்கு படுத்திருந்தது. அண்ணன் மகனைக் கொல்லக் கூசாத கைக்கு, ஆசீர்வாதம் பெற்ற இரும்பை ஆற்றில் எறியக் கூசியிருக்கிறது! பாவத்தையும் செய்துவிட்டுப் பக்தியையும் விடாத இப்படிப்பட்ட பிறவிகளை எண்ணும்போது நமக்கே ரத்தம் கொதிக்கிறது, அவளுக்கு எப்படியிருக்கும்!

கொல்லைப்புற வழியாகப் பாறைகளில் இறங்கி அவள் பாலத்தடிக்கு வந்தபோது லாம்ப்ரோஸ் இடையில் கயிற்றைக் கட்டியிருந்தான். நாக்கை வாங்க அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“வேண்டாம். இப்போது மாட்ட வேண்டாம். காற்று இதோ எழப்போகிறது. அவர் பாலத்தின் நடுவே வரட்டும். என் அண்ணன் போன வழியே அவரும் போகட்டும்!”

“தேவி, கொடு.”

“உமக்கு ரத்தம் ஓடவில்லையா? அவர் கொலைகாரர்!”

“ஓடுகிறது. இரண்டு கையாலும் ஓர் உயிரற்ற உடலை நீரிலிருந்து தூக்கியவன் நான். என்னிடம் கோபத்தைப் பற்றிப் பேசாதே. அவரைக் கொல்ல வேண்டுமானால் உன் குறுவாள் இருக்கிறது. ஆள் சாகக்கூடாது என்பதற்காக இந்த மணியை மாட்டினேன். இதைக் கொண்டு ஒருவனைக் கொல்ல நான் உடன்படமாட்டேன். நீ கேட்டாலும் மாட்டேன்.”

அந்தக் கணத்தில் சிற்றப்பாவைவிட லாம்ப்ரோஸ் மீதே அவளுக்கு அதிக வெறுப்பு மூண்டது. அவன் சொன்னது சரியென்று தெரிந்ததால் வந்த வெறுப்பு அது. நாக்கை அவன் கையில் அறைந்துவிட்டு, பாலத்து முகப்பை நோக்கி ஏறினாள்.

அங்கே ஊரே கூடியிருந்தது. தலைகுனிந்த ஆண்கள், முக்காடிட்ட பெண்கள், முன்னால் வயது முதிர்ந்த குருவானவர். எதிர்க்கரையில் தளபதியின் தீவட்டிகள் வரிசையாக எரிந்தன. கிரியாகோஸ் குதிரையேறி, முகத்தில் துயரத்தைப் பூசிக்கொண்டு, “மக்களே, உங்கள் உயிருக்காகவே இந்த அவமானத்தை நான் சுமக்கிறேன்” என்றார்.

குதிரையின் முன்னங்கால் பாலத்தின் முதற்கல்லில் பட்டது. பள்ளத்தாக்கின் ஆழத்திலிருந்து காற்று சீறி எழுந்தது. அதே கணத்தில் பாலத்தின் அடியிலிருந்து வெண்கல மணி ஓங்கி ஒலித்தது.

நாக்கில்லாத மணி! கூட்டம் அலறிப் பின்வாங்கியது. குருவானவர் சிலுவைக் குறியிட்டார். கிரியாகோஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. குதிரையிலிருந்து சரிந்து விழுந்து, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, “இல்லை! ஒலிக்காது! ஒலிக்க முடியாது!” என்று கூவினார். “திருவுருவத்துக்குப் பின்னால் நானல்லவா வைத்தேன்! பட்டில் சுற்றி என் கையால் வைத்தேனே! ஸ்தாவ்ரோ, விட்டுவிடடா, என்னை விட்டுவிடு!”

தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. பின்னால் பார்த்தார், ஊர் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் பார்த்தார், தளபதியின் தீவட்டிகள் தெரிந்தன. ஓடிப் போயிருக்கலாம். ஆனால் மணி ஒலிக்கும்போது பாலத்தைக் கடக்க அந்த மலைநாட்டானின் கால்கள் மறுத்துவிட்டன. பாலத்தோரத்தின் முதல் கல்லைக் கட்டிக்கொண்டார்.

ஹைதோ குறுவாளை உருவிக்கொண்டு அவர் அருகில் சென்றாள். வாளின் நுனி அவர் கழுத்தைத் தொட்டு, சாவி தொங்கிய தோல்வாரை அறுத்தது. அவ்வளவே செய்தது.

“உம்மைக் கொல்ல ஆசை இல்லாமல் இல்லை, சிற்றப்பா. நிறைய இருக்கிறது. ஆனால் உம்மை மணியடித்து எச்சரித்தவர் ஒருவர் உண்டு, அவருக்காக விடுகிறேன். ஊர் உமக்குத் தண்டனை சொல்லும்” என்றாள். பிறகு சாவியை நிலவொளியில் உயர்த்திப் பிடித்து, “என் அண்ணன் மேல் ஆணை! இந்தச் சாவி ஆற்றைக் கடக்காது. அவன் தொடங்கிய பயணத்தை நான் முடிப்பேன்!” என்றாள்.

கோபுரக் கதவு பெருத்த ஓசையுடன் மூடிப் பூட்டப்பட்டது. சாவி குருவானவரின் கைக்குப் போயிற்று. ஹைதோ அண்ணனின் பயண அங்கியை அணிந்து, பாறைகளின் வழியே இறங்கி, அங்கே மறைவில் விட்டுப் போயிருந்த தோல் பையைக் குறுக்கே மாட்டி, காற்றில் ஊசலாடிக்கொண்டிருந்த லாம்ப்ரோஸை நோக்கிக் கூவினாள்:

“வடக்குக் கணவாய் வழியாகப் போகிறேன். உம்மீது எனக்கு இன்னும் கோபம்தான். திரும்பி வந்து தீர்த்துக்கொள்கிறேன்!”

“எவ்வளவு நேரம் வேண்டும்?”

“விடியும் வரை!”

அவன் தலையசைத்தான். அவள் இருளில் மறைந்தாள்.

எதிர்க்கரையில் தளபதி கொதித்துக் குதித்தான். பாலத்தைத் தாண்டிக் கதவை உடைக்கும்படி கட்டளை மேல் கட்டளையிட்டான். ஆனால் அவனுடைய வழிகாட்டிகள் அனைவரும் மலைநாட்டார். “மணி ஒலிக்கிறது எசமான், போனால் ஒருவர்கூட மிஞ்சமாட்டோம்” என்று கைகட்டி நின்றார்கள். வீரர்களும் அந்தக் காற்றை நேரில் பார்த்தவர்கள்தாம், ஒருவனும் முன்வரவில்லை. மணி ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். அது ஓயவேயில்லை.

கிழக்கு வெளுத்தபோது தளபதி கூடாரத்தை விட்டு வெளியே வந்தான். ஆற்றின்மேல் பனிமூட்டம் அசையாமல் படுத்திருந்தது. அணைந்த தீவட்டிகளின் புகை நேராக மேலே எழுந்தது. பைன் மரங்களில் ஓர் ஊசியிலைகூட ஆடவில்லை. மணி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவன் பாலத்தின் உச்சிக்கு ஓடி, குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தபோது மணி நின்றுவிட்டது. வளைவின் அடியில் வெறும் கயிறு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு பெண்ணின் கைக்குட்டை, புது ரத்தம் படிந்து, உள்ளங்கையைச் சுற்றிய மடிப்புக் கலையாமல், கட்டப்பட்டிருந்தது.