நாலாம் நம்பர் சட்டம்

வியாழக்கிழமை, மாலை 4.20.

தகரக் கொட்டகைக்குள்ளிருந்து சுதாகரன் போட்ட சத்தத்தில் தோட்டத்து லயம் வரிசை வீடுகளின் நாய்கள் இரண்டும் எழுந்து ஓடின.

"செல்வி! இங்க வா! ஆறு சட்டத்தையும் எவனோ செதுக்கி வச்சிருக்கான்!"

கலைச்செல்வி ரப்பர் பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சாவகாசமாகத்தான் எழுந்தாள். அந்தக் கொட்டகைக்குள் மூன்று மாதமாக அவள் புருஷன் கட்டிக்கொண்டிருப்பது கயாக் படகு இல்லை, சக்களத்தி என்பது அவள் கட்சி. ரப்பர் ஃபேக்டரியில் தச்சு வேலை முடித்து வருகிற மனுஷன், பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே அங்கே போய் அதன் விலாவைத் தடவிக்கொண்டு நின்றால் எவளுக்குத்தான் வயிறு எரியாது? அதற்கு 'அல்லி' என்று பேர் வேறு! "ஒரு நாளைக்கு இத அடுப்புல வச்சு சோறாக்கிருவேன்" என்று அவள் கத்தியது லயம் முழுக்கத் தெரியும்.

உள்ளே ஏழு பலகைச் சட்டங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் ரீப்பைகளை, நீளமான மெல்லிய மரக் கீற்றுகளை, வளைத்துக் கட்டியிருந்தான். இனி மேலே தார்த்துணி போர்த்துவதுதான் பாக்கி. வழுவழுவென்று ஓட வேண்டிய ரீப்பை, நடுவிலிருந்த நாலாம் நம்பர் சட்டத்தில் மட்டும் கூன் போட்டு நின்றது.

"பிளானுல நாலாவது அகலம் அறுபது சென்டிமீட்டர். அளந்தா டக்குனு அறுபது. மத்த ஆறும் குறையுது. இந்தா, மூணாவது அம்பத்துநாலு இருக்கணும், ஒண்ணரை கம்மி. ஒண்ணாவது இருபது இருக்கணும், அரை கம்மி."

மழையில் நனைந்து எண்கள் மங்கிப்போன, ரப்பர் பால் கறை பிடித்த துணி டேப்பை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பூட்டு ஒடையல. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட."

மற்றது அவள் இடுப்பில்.

"அப்ப நாந்தான்கிறீங்க?"

சாவிக்காக அவன் கையை மட்டும் நீட்டினான். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளை நம்பாமல் அவன் எதையும் பூட்டியதில்லை. சாவியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் போட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, களனி கங்கை ஆற்றில் டூரிஸ்டுகளைக் கூட்டிப்போகும் கம்பெனி ஆள் எடுக்கிறது. சொந்தக் கயாக்கோடு வருகிறவனுக்குத்தான் வேலை. ஒரே இடம். பேர் கொடுத்தவர்கள் இருவர்: சுதாகரன், அவன் சின்ன வயசுக் கூட்டாளி, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் ஸ்ரீதரன் கங்காணி. ஸ்ரீதரனிடம் கொழும்பில் காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் கயாக் தயாராக இருந்தது.

மாலை 5.10.

கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் குனிந்தாள். பழி தன் தலையில். மெனக்கெட வேண்டியதும் தான்தான்.

தரையில் ஒரு சீவல்கூட இல்லை. ஆறு சட்டங்களின் ஓரத்தையும் விரலால் தடவினாள். வார்னிஷ் முழுசாகப் பளபளத்தது.

"இந்த ஆறுக்கும் வார்னிஷ் எப்ப பூசுனீங்க?"

"போன மாசம்."

"நாலாவதுக்கு?"

"இன்னும் இல்ல. பலகை முடிஞ்சு, கரவனெல்ல டவுனுக்குப் போய் வாங்கியாந்து, போன வாரந்தான் அத வெட்டுனேன்."

"உங்க இரும்பு டேப்பு எங்க?"

"அதுக்கு முந்தின நாளே காணாமப் போச்சு. பாவம், ஸ்ரீதரன்தான் மரம் அளக்குற டேப்பக் குடுத்து ஒதவுனான். எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். அந்த டேப்பக் கொஞ்சம் குடுங்க."

வீட்டுக்குள் போனாள். தையல் மெஷின் மேல் ஸ்ரீதரனின் மனைவி சுகந்தினி தைக்கக் கொடுத்த பட்டு ஜாக்கெட் துணி கிடந்தது. மகளின் புத்தகப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். இரண்டு நிமிடம். வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மாலை 4.45.

தேத்தண்ணி குடிக்க வந்த ஸ்ரீதரன், கூன் விழுந்த அல்லியைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"அடப்பாவமே! நாளைக்கு எப்படி மச்சான் போவ?"

"அத விடுங்கண்ணே," என்றாள் கலைச்செல்வி. "சுகந்தினி அக்காவோட பட்டு ஜாக்கெட்ட இன்னைக்கு வெட்டிட்டேன். நீங்க குடுத்த டேப்பாலதான் எல்லாம் அளந்தேன்."

"ஐயையோ! அதாலயா? அது இழுத்து நீண்டு கெடக்கு தங்கச்சி, பட்டு வீணாப் போயிருமே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கோப்பை கையிலேயே நின்றது.

"துணிய இன்னும் வெட்டலண்ணே. ஆனா இழுத்த டேப்புன்னு எம் புருஷங்கிட்ட ஏன் சொல்லல?"

சுதாகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இங்க பாருங்க." அடிமட்டத்தின் மேல் டேப்பை வைத்தாள். முப்பது சென்டிமீட்டர் அடிமட்டம் இருபத்தொன்பதைக் கொஞ்சம் தாண்டித்தான் காட்டியது. "செதுக்கியிருந்தா வார்னிஷ் போயிருக்கும். போகல. அதோட, பெரிய சட்டத்துல நெறைய கொறையுது, சின்னதுல கொஞ்சமாக் கொறையுது. செதுக்குற கை இப்படிக் கணக்குப் பாக்காது. டேப்பு நீண்டாத்தான் இப்படி வரும். ஆறும் சரிங்க. இதால அளந்து வெட்டுனீங்களே நாலாவது, அதுதான் பெருத்துப் போச்சு. தப்பான டேப்புல தப்பான சட்டம் சரியாத்தானே காட்டும்!"

பிறகு ஸ்ரீதரன் பக்கம் திரும்பினாள்.

"தோட்டத்துப் புது மலையில ரப்பர் மரம் அம்பது சென்டிமீட்டர் சுத்தளவு வந்தாத்தான் பால் வெட்டுக்கு எடுப்பாங்க. ரெண்டு மாசமா எந்த மரமும் அம்பது வரல. கடைசியில பாத்தா டேப்பு இழுத்துப் போயிருக்கு. அந்த மலையில பால் வெட்டுறவ நானு. பழைய டேப்பையெல்லாம் எரிக்கச் சொல்லி தோட்டத்துத் தொரை யார் கையில குடுத்தாரு?"

ஸ்ரீதரன் தலை தொங்கிவிட்டது.

"இரும்பு டேப்பும் என்கிட்டதான் இருக்கு," என்றான் மெதுவாக. "பொறாமைதான் மச்சான். சின்ன வயசுலயிருந்து நீ தொட்டதெல்லாம் பலிக்குது. காசு குடுத்து வாங்குன என் கயாக்க ஒருத்தன் எட்டிப் பாக்கல. உன் கட்டையப் பாக்க லயமே வந்து நிக்குது."

சுதாகரன் கையை ஓங்கினான். கலைச்செல்வி குறுக்கே நின்றாள்.

"அடிச்சா நேரந்தான் போகும். டேப்பக் கொண்டாந்து குடுத்துட்டுப் போகட்டும்."

மாலை 5.30.

இரும்பு டேப் வந்து சேர்ந்தது. சுதாகரன் இரண்டு சாவிகளையும் அவள் கையில் வைத்தான்.

"பொறாமையில நீதான்னு நெனச்சிட்டேன் செல்வி."

"பொறாமை இல்லன்னு யார் சொன்னா? வண்டி வண்டியா இருக்கு. ஆனா நானா இருந்தா கோடாலியால ஒரே போடு! ஒண்ணரை சென்டிமீட்டர் செதுக்கிக்கிட்டு உக்காந்திருப்பேனா? பன்னெண்டு வருஷத்துல என்னையத் தெரிஞ்சது இவ்வளவுதானா?"

அவன் குனிந்து நாலாம் நம்பர் சட்டத்தைக் கட்டவிழ்த்து, இரும்பு டேப்பால் அளந்து, இரண்டு பக்கமும் ஒன்பது மில்லிமீட்டர் உள்ளே பென்சிலால் கோடு போட்டான். ரம்பத்தை எடுக்கப் போனவன் கையைக் கலைச்செல்வி தட்டிவிட்டாள்.

"தள்ளுங்க. இவ இடுப்புல கூடிப்போன சதைய நாந்தான் அறுப்பேன்."

சட்டத்தின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு அல்லியைப் பிடித்திருந்தது.