மணிவிழாவும் அழுத்தமானியும்

அந்த ஆண்டு திருப்பூரில் எல்லோர் கழுத்திலும் அழுத்தமானி தொங்கியது. ஸ்பானியச் சொல் ஒன்றைச் சொன்னால் போதும். பகுதி வேறு, விகுதி வேறு, அசை வேறாக வெட்டிப் பார்க்கும். குரல் ஊன்ற வேண்டிய அசையில் ஊன்றியிருந்தால் பச்சை, பிசகினால் சிவப்பு. பனியன் வாங்கும் பெரு நாட்டுக் கம்பெனிகள் பச்சைக்குத்தான் வேலை கொடுத்தன.

அமராவதிக்கு லீமா கிளையின் மேற்பார்வையாளர் வேலை வேண்டும். மூன்று முறை தோற்றாயிற்று. நான்காவதுதான் கடைசி. எட்டு மாதமாக லீமா வானொலியைக் கேட்டே நாக்கைப் பழக்கியிருந்தாள்.

தேர்வுக் குழுத் தலைவர், உலக அசையியல் பேராய நிறுவனர், முதுபெரும் நாவரசர் குணசீலனார். முந்தைய ஞாயிறு அவருக்கு மணிவிழா. சாதனைப் பதிவுக்காக ஒரு லட்சம் பேரை மைதானத்தில் நிறுத்தி, பனியனுக்கான ஸ்பானியச் சொல்லை அவர் சொல்லச் சொல்ல ஆயிரம் முறை முழங்க வைத்தார்கள். காமிசேதா! அவர் ஊன்றியது 'கா'வில். ஷிப்டு இருந்ததால் அமராவதி போகவில்லை.

தேர்வில் அதே சொல் வந்தது. அவள் 'சே'யில் ஊன்றினாள். சிவப்பு.

"போச்சே அம்மிணி! விழாவுக்கு வந்திருந்தா கத்துக்கிட்டிருக்கலாம்," என்றார் நாவரசர்.

"அவங்க சரியாத்தானுங்க சொன்னாங்க," என்றார் கம்பெனி சார்பில் வந்திருந்த கார்மேன். லீமாவில் பிறந்து, ஐந்து வருடம் திருப்பூரில் சரக்கெடுத்த பெண்மணி. தானே சொல்லிக் காட்டினார்.

சிவப்பு.

மானியைத் திறந்து பார்த்த பழுதுநீக்குநர் தலையைச் சொறிந்தார். "கோளாறு இல்லைங்க. நெறையப் பேரு எப்படிச் சொல்றாங்களோ அதைத்தான் இது சரின்னு எடுத்துக்கும். ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல பத்துக் கோடித் தடவை கேட்டுருக்குது. உலகத்துல இருக்கற எல்லா மானிக்கும் சொல்லியும் குடுத்துருச்சு."

கார்மேன் லீமாவுக்குப் பேசினார். அலுவலகமே சிவப்பு. செய்தி வாசிப்பவர் சிவப்பு. பள்ளிக்கூட வாத்தியாரம்மா சிவப்பு.

நாவரசர் மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பளிச்சென்று பச்சை. "தாய்மொழிக்காரங்களுக்கு எப்பவுமே ஒரு அலட்சியம். லீமாவுல நம்ம பேராயத்துக்கு ஒரு கிளை திறந்துட வேண்டியதுதான்."

"அப்ப எனக்கு வேலை இல்லைங்களா?" அமராவதி கார்மேனிடம் திரும்பினாள்.

"ஏனுங்க இல்லாம?" கார்மேனுக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எங்க ஊரே ஒட்டுமொத்தமாத் தோத்துப்போயி உக்காந்திருக்குது. அங்க வந்து பேசறதுக்குத் தோத்த ஆளுதானுங்க வேணும்! திங்கக்கிழமை விமானம்."

அங்கேயே கையெழுத்திட்டார். அமராவதி அவரைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் இருவர் மானியும் கழன்று விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

மறுவாரம் பேராயத்தின் வாசலில் தெருமுனை வரை வரிசை. எல்லோரும் தேறியவர்கள். முதல் ஆளாக நின்ற நாவரசரின் மருமகன், தன்னை எப்படியாவது தோற்கடித்துவிடும்படி மாமனாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.