உட்கார்ந்த உயரம்

கூடத்துச் சுவரில், தரையில் உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. உள்ளங்கை அகலம்தான். சுவரில் தலையைச் சாய்த்து வெகுநேரம் உட்கார்ந்திருப்பவர்கள் விட்டுப்போகிற கறை. பழைய வீடுகளில் அது யார் கண்ணிலும் படாது. இந்தப் புது வீட்டில் பெயின்ட் வாசனை போவதற்கு முன்பே அப்படியொரு கறை எப்படி வந்தது என்றுதான் விண்ணரசிக்குப் புரியவில்லை.

முதலில் அமிர்தத்தைத்தான் சந்தேகப்பட்டாள். பாத்திரம் துலக்க வருகிற அமிர்தம், வேலை முடிந்ததும் டிவிக்கு எதிரில் கொஞ்சநேரம் உட்காருவாள். கேட்டபோது அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, தான் உட்காருவது எதிர்ச்சுவர் ஓரம் என்றும், தலைக்கு எண்ணெய் வைத்தே நாளாயிற்று என்றும் சொன்னாள். கறையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விண்ணரசி சோப்புத்தண்ணீர் போட்டுத் தேய்த்தாள். கறை போயிற்று. மறுநாள் பக்கத்தில் இன்னொன்று சேர்ந்து திரும்ப வந்தது.

அவள் கணவன் ரெமிஜியஸுக்கு நீடாமங்கலம் போகிற சாலையில் கல் போடும் களம் இருந்தது. இடித்த கட்டடங்களின் கழிவை லாரியில் வாங்கி வந்து கொட்டி, கம்பியையும் மரத்தையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை அரைத்துச் சலித்து, சிமென்ட் சேர்த்து ஹாலோ பிளாக் போடுவான். ஆற்று மணலில் கை வைக்காத கல் என்று அவனுக்கு ஏகப் பெருமை. யார் வீட்டு இடிபாடோ என்று ஊர் தயங்கியதால், அதே கல்லில் முதலில் தன் வீட்டைக் கட்டிக்கொண்டான். கல் கேட்டு வருகிறவர்களை அழைத்துவந்து கூடத்தைக் காட்டுவான், சுவரைத் தட்டிக் காட்டுவான். அவனுடைய பிழைப்பே இந்தச் சுவரில்தான் நின்றது.

ஒரு விடிகாலை அவள் எழுந்து வந்தபோது கறைகள் இல்லை. குளியலறை மூலையில் பெயின்ட் பிரஷ் ஈரமாக இருந்தது. அவன் ஒன்றும் தெரியாதவன்போல் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு அவன்மேல் சந்தேகம் விழுந்தது. அவளுக்கு அது ஏழாம் மாதம். தான் செக்கப்புக்குத் தஞ்சாவூர் போகிற நாட்களில் வீட்டுக்கு யாரையோ அழைத்து வருகிறானோ என்று நினைத்தாள். அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். தலையணை உறைகளைப் புரட்டினாள். கொல்லைக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். எங்கும் ஒன்றும் இல்லை. கூடத்தில்தான் வாசனை இருந்தது. தேங்காயெண்ணெய், வாடிய மல்லிகை, அதற்கு அடியில் பினாயில். மழை வலுக்கிற மத்தியானங்களில், சம்பா வயல்மேல் வானம் கறுத்துக் கிடக்கையில், அடுப்படியில் நிற்கிற அவளுக்குக் கூடத்திலிருந்து சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்கும். யாரோ தொண்டையைச் செருமுவதுபோல. ஃப்ளாஸ்க் மூடியைத் திருகுவதுபோல. பக்கத்தில் இருப்பவர் காதில் மட்டும் விழும்படி பேசிக்கொள்வதுபோல. எட்டிப் பார்த்தால் கூடம் காலியாக இருக்கும். சுவர் மட்டும் இருக்கும்.

கறைகள் வரிசையாகி விட்டிருந்தன. பெரிய தலை, அதை ஒட்டிச் சிறிய தலை, மறுபடி பெரியது. ஒவ்வொரு முறை அழித்தபின் திரும்ப வரும்போதும் படுக்கையறைக் கதவுக்கு இன்னும் கொஞ்சம் அருகில் வந்தன.

அமிர்தம் ஒருநாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அந்தச் சுவர்முன் நின்றாள். கையில் களத்திலிருந்து லாரியோடு வந்து வாசலில் சிந்திக் கிடந்த ஒரு துண்டுக் காரை. ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட்.

"இந்தப் பச்சை எனக்குத் தெரியும்மா," என்றாள். "பழைய பிரசவ ஆஸ்பத்திரி. போன வருசம் இடிச்சாங்களே, அது. என் மகளை அங்கதான் சேர்த்தோம். உள்ள கூட்டிட்டுப் போனவங்க, இருங்க சொல்றோம்னாங்க. நாங்க செவுத்து ஓரமா உக்காந்திருந்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல." அமிர்தம் கையை நீட்டி ஒரு கறையைத் தொட்டாள், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. "நா சாஞ்சிருந்த எடம் இது."

அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை.

சாயங்காலம் ரெமிஜியஸ் வந்ததும் விண்ணரசி நேராகக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவுதான், நல்ல கெட்டிக் காரை, மாசமாக இருக்கிறவளிடம் எதற்கு அதைச் சொல்வது என்று விட்டுவிட்டேன் என்றான்.

"அரைச்சப்புறம் அது வெறும் பொடி விண்ணு. பொடிக்கு என்ன தெரியும்?"

"அப்ப ஏங்க எனக்குத் தெரியாம பெயின்ட் அடிக்கிறீங்க?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், படுக்கையறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில நாட்களாகவே சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு அவன் அந்தச் சுவரோரம் உட்கார ஆரம்பித்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரிசையில் கதவை ஒட்டி ஓர் இடம் காலியாக இருந்தது. ஓர் ஆள் உட்காருகிற இடம்.

அவள் சீர்காழியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தாள். மறுநாளே வந்துவிடச் சொன்னாள் அக்கா. விண்ணரசி துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். மறுநாள் கார் சாயங்காலம்தான் வருவதாக இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறையில் கொஞ்சம் சாய்ந்தாள். வெளியே மழை கொட்டிற்று. கரண்ட் போயிற்று. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. கண் அசந்துவிட்டது.

பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தாள்.

கூடத்தில் நிறையப் பேர். தாழ்ந்த குரலில். ஒரு குழந்தை சிணுங்கிற்று, யாரோ அதட்டி அடக்கினார்கள். கல் வாங்க வந்தவர்களை அழைத்து வந்திருக்கிறான் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து கூடத்தில் கால் வைத்தாள்.

பேச்சு நின்றது.

யாரும் இல்லை. ரெமிஜியஸ் மட்டும். அந்தக் காலி இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். மழையில் நனைந்த தலை. கறைகளின் வரிசைக்குள் சரியாகப் பொருந்திய தலை.

"என்னங்க, எழுந்திரிங்க. கார் வந்துரும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவளை அடையாளம் கண்ட குறியே முகத்தில் இல்லை. வழி கேட்கும் அந்நியரைப் பார்ப்பதுபோன்ற மரியாதை மட்டும் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றான். "கதவை மறைக்கிறீங்க. என் பொண்டாட்டி உள்ள இருக்கா."

"நான்தாங்க. இங்கதான நிக்கிறேன்."

"இருங்கன்னாங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவள் விட்டு வந்த அறையில் வேறு யாரும் இருந்திருக்கவில்லை. கைப்பிடியைத் திருகினாள். தட்டினாள். மரத்துக்கு அந்தப் பக்கம் செருப்புகள் அவசரமாக நடந்தன. ஏதோ பாத்திரம் தரையில் உருண்டது. ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

அந்த முனகல் விண்ணரசியின் குரல்.

தட்டுவதை நிறுத்தினாள். பினாயில் வாசனை மூச்சை அடைத்தது. முனகல் ஏறியது. ஏறி, சட்டென்று நின்றது.

ஒன்றுமில்லை.

மழைகூட இல்லை.

பிறகு கூடத்தில் பலபேர் ஒரேசமயத்தில் எழுந்திருக்கிற சத்தம். முழங்கால்கள் நெட்டி முறிகிற சத்தம். சேலைகளை உதறிக்கொள்கிற சத்தம். விண்ணரசி திரும்பினாள். சுவரில் கீழ் வரிசை இல்லை. கறைகள் எல்லாம் மேலே இருந்தன. நின்ற உயரத்தில். ஈரமாக. சிறியவை பெரியவற்றின் இடுப்பளவில். அவற்றுக்கு நடுவே ரெமிஜியஸ், கைகளைக் கூப்பியபடி நின்றிருந்தான்.

அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

வயிறு தட்டையாக இருந்தது.

உள்ளே யாரோ தாழ்ப்பாளை எடுத்தார்கள்.