முழங்கைக்கடியில் ஒரு விரல்

காலைப் பலகாரம் முடிந்து கை கழுவியதும் குமரகுருவை இயந்திரம் தள்ளிவிடும். நிலவுக் குடியிருப்பில் பக்கவாதம் கண்டவர்கள் வீட்டில் அன்றாடம் நடப்பதுதான் இது. அரசாங்கம் வைத்த பெயர் சமநிலைப் பயிற்றுவான். வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அது தள்ளுவான். எந்தப் பக்கம், எப்போது தள்ளும் என்று முன்கூட்டிச் சொல்லாது. தள்ளப்பட்டவர் சட்டென்று காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வேண்டும். அப்படித் தடுமாறித் தடுமாறித்தான் மூளை பழுதான பாதையை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுமாம். தவறினால் இடுப்பு வார் தாங்கிக்கொள்ளும்.

வாரில் தொங்கியபடி அவர் அசடு வழியச் சிரிப்பதைப் பார்க்க மனைவி பரிமளாவுக்குப் பொறுக்காது. அவளுடைய பயம் வேறு. காற்றுக்கசிவு என்றால் எல்லோரும் தம் காலாலேயே காப்பறைக்கு ஓட வேண்டும். சமநிலைச் சோதனையில் தேறாதவர்களைக் காப்பறையை ஒட்டிய கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே குடும்பத்தாருக்கு இடமில்லை. இத்தனை வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு, இனி வாரம் ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்ப்பதா?

ஒருநாள் துணி மடிக்கிற சாக்கில் பின்னால் போய், அவருடைய இடது முழங்கைக்கடியில் ஒரு விரலை வைத்தாள். தாங்கவில்லை, சும்மா தொட்டாள். தள்ளுவான் தள்ளியது; மனுஷர் அசையவில்லை. அன்றிலிருந்து விரல் தினமும் போனது. "கொஞ்சம் தள்ளி நில்லேன், நானே பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டால்தானே?

தள்ளுவான்களுக்குக் கற்கும் குணம் உண்டு. ஒரு வீட்டில் பலித்த வைத்தியம் அன்றே எல்லா வீட்டுத் தள்ளுவான்களுக்கும் போய்விடும். குடியிருப்பு முழுக்க நோயாளிகள் திடீரென்று தேறி வருவதாக டாக்டர் நஸீமா பூரித்துப்போனார். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

சோதனை நாளன்று பரிமளாவைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். வேலையில்லாத விரலை அவள் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். தள்ளுவான் குமரகுருவை நெருங்கியது. தள்ளவில்லை. பின்பக்கம் சுற்றிப் போய், அவருடைய இடது முழங்கைக்கடியில் தன் உலோக விரலை வைத்தது.

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. ஊரே தேறி வந்த ரகசியம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"கையை எடு. சோதனையில யாரும் தொடக் கூடாது."

"பாவம், விழுந்துடுவார்" என்றது இயந்திரம். பாவம் பார்க்க அதற்கு யாரும் நிரல் எழுதியிருக்கவில்லை.

டாக்டர் மறுபடி அதட்டியதும் விரலை எடுத்தது, தள்ளியது. குமரகுரு இடப்பக்கம் சரிந்தார். நிலவில் விழுவது நிதானமாக நடக்கிற காரியம். சமாளிக்க அவகாசம் உண்டு. ஆனால் பரிமளா கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து ஒரு கையைப் பிடித்தாள். டாக்டரும் தன்னை மறந்து மறு கையைப் பற்றினார். தள்ளுவான் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

குமரகுரு தலை குனிந்து கீழே பார்த்தார். நோய் வந்த நாள்முதல் அவர் சொல் கேட்காத இடது கால், ஓரடி தள்ளி, தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தது.

"நான் காலை வச்சுட்டேனே" என்றார். "விட்டிருந்தா நின்னிருப்பேன்."

டாக்டருக்கும் அது தெரிந்தது. சட்டத்துக்குத் தெரியவில்லை. பிறர் பிடித்தால் தேறவில்லை என்றுதான் அர்த்தம். அழைத்துப் போகக் கீழ்த்தளத்து ஊழியர் வந்தார். குமரகுரு அவரைக் கையமர்த்திவிட்டு, வாசல்வரை தானே நடக்கிறேன் என்று காலை எடுத்து வைத்தார்.

பரிமளா அழுதுகொண்டே ஊழியரிடம் சொன்னாள்:

"அவர் பேச்சைக் கேக்காதீங்க தம்பி. கெட்டியாப் பிடிச்சுக்குங்க."