கம்பிக்கு அந்தப் பக்கம்

அந்தப் பெண் உட்காரவில்லை. துணிப்பையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டே, அக்கா தன்னை வீட்டை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று யாராவது நிரூபித்துத் தர வேண்டுமாம். சொல்லிவிட்டு, இதற்கெல்லாம்கூடத் துப்பறிவார்களா என்று அவளே சந்தேகத்தோடு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேஜை, எப்போதும் இஸ்திரிப் பெட்டி வாடை. எரிந்துபோன கிடங்கையும் நசுங்கிப்போன வண்டியையும் போய்ப் பார்த்து, சொந்தக்காரர் சொல்வது மெய்யா புளுகா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அண்ணியின் தொழில். அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் அவள் கொழுந்தன் ஒருவன்தான். ஆனால் அவன் போகிற இடமெல்லாம் 'எங்க அண்ணி, எங்க அண்ணி' என்று பீற்றிக்கொண்டதில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. கொழுந்தன் பாலிசி ஏஜெண்ட். பாலிசி விற்றதைவிட அண்ணியின் அறையில் டீ குடித்ததுதான் அதிகம். துப்பறிவதில் தனக்கு அபார மூளை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அண்ணி அந்த நினைப்பை இதுவரை கெடுத்ததில்லை.

விஷயம் இதுதான். இவளுடைய அக்கா ஒரு பாடகியின் ரசிகை. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற ரசிகை இல்லை. இருபது வருடமாக அந்தப் பாடகி எந்த மைதானத்தில் பாடினாலும், மேடைக்கு முன்னால் போட்டிருக்கும் தடுப்புக் கம்பியில், நட்டநடுவில், அக்கா நிற்பாள். கம்பிக்காரி என்றே பட்டப்பெயர் வாங்கியவள். அவளைப் போலவே முன்கம்பியைப் பிடிக்கிற ஒரு கூட்டம் உண்டு. கேட் திறந்ததும் தலைதெறிக்க ஓடிக் கம்பியைப் பிடித்தால், பாட்டு முடிகிற வரை விடமாட்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்கென்று சட்டங்கள் இருந்தன. பை வைத்து இடம் பிடிக்கக் கூடாது. அவசரத்துக்கு ஒதுங்கப் போகிறவர் இடது செருப்பைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, ஒற்றைச் செருப்போடு போய்த் திரும்ப வேண்டும். செருப்பு தொங்குகிற வரை அந்த இடம் அவருடையது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், கம்பிக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. பாடகியே வாய் திறந்து கூப்பிட்டால் ஒழிய, மேடைக்காரர்கள் கொடுக்கும் எந்தச் சலுகையையும் தொடக் கூடாது. ஒரு பாங்க் குமாஸ்தா செக்யூரிட்டியைக் காக்காய் பிடித்து உள்ளே போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாராம். அதற்கப்புறம் கம்பியில் அவருக்கு யாரும் இடமும் விடவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

"இதெல்லாம் ஒரு பொழைப்பா?" என்று கொழுந்தன் கேட்டுவிட்டான். தங்கை அவனைப் பார்த்து, "எங்க அக்காவுக்கு அதுதாங்க பொழைப்பு. தையல் மெஷின் சும்மா வயித்துக்கு," என்றாள்.

நேற்று இசை விழாவின் கடைசி நாள். பாடகி இனிமேல் பாடப் போவதில்லை என்று அறிவித்திருந்தாள். படம் பிடிக்கிறார்கள் என்றும், கடைசிப் பாட்டுக்கு நடுக்கம்பியில் நிற்பவரை மேடைக்கு அழைப்பாள் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அக்கா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. காலையில் பெய்த மழையில் மைதானம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. கம்பியோரமும் மேடைப் பக்கமும் மட்டும் பலகை போட்டிருந்தார்கள். மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பிக்கூட்டம் வழக்கமாகத் தண்ணீரே குடிக்காது, குடித்தால் போக வேண்டி வருமே என்று. அக்கா மயங்கி விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் தங்கைதான் கெஞ்சிக் கெஞ்சிக் குடிக்க வைத்தாள். பாடகி வருவதற்குச் சற்று முன் அக்காவால் அடக்க முடியவில்லை. செருப்பை மாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்து போனாள். போனவள் திரும்பவே இல்லை.

பாடகி வந்தாள், பாடினாள். தங்கை இரண்டு கையையும் விரித்துச் செருப்புக்குக் காவல் நின்றாள். கடைசிப் பாட்டின்போது, பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கைநீட்டி மேடைக்குத் தூக்கிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது அக்கா அழுதுகொண்டே வந்தாள். கழிப்பறைக் கதவின் கொண்டியில் யாரோ வெளியிலிருந்து கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் வாரைப் போட்டு இறுக்கிவிட்டார்களாம். கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லையாம். கடைசியில் துப்புரவுக்காரர் வந்து அறுத்துவிட்டாராம். 

"நான் கீழ உக்காந்து, அவ காலை எடுத்து மடியில வச்சு, செருப்பை மாட்டிவிட்டேன். சேறா இருக்கும்னு முந்தானையில துடைக்கப் போனேன். காஞ்சுதான் இருந்தது. அப்போ பேக்கரிக்காரி கேட்டா, யாரு செஞ்சிருப்பான்னு. கேட்டுட்டு என்னைப் பாத்தா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க."

பேக்கரிக்காரி கம்பியில் எப்போதும் அக்காவுக்கு அடுத்து நிற்பவள். அவள் பார்த்ததற்குக் காரணமும் இருந்தது. தண்ணீர் கொடுத்தது தங்கை. பாடகி வருவதற்குள், அக்காவைத் தேடுவதாகச் சொல்லிக் கம்பியை விட்டுக் கொஞ்ச நேரம் போய்வந்ததும் அவள்தான். பேனர் கட்ட வாங்கிய கேபிள் டை தங்கையின் பையில். போன வாரச் சண்டையில், 'ஒரு தடவையாவது அந்தப் பாட்டை நீ கேக்காமப் போகணும்' என்று வாய்தவறிச் சொன்னதும் இவளேதான். அக்கா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கையின் தையல் மெஷினைத் தூக்கி மாடிப்படியில் வைத்துவிட்டாள். வாழ்ந்த வீடும் இல்லாமல் பிறந்த வீடும் இல்லாமல் போனவளுக்கு அக்காவை விட்டால் வேறு நாதி கிடையாது.

படி இறங்கும்போதே கொழுந்தன் கேஸை முடித்துவிட்டான். பேக்கரிக்காரிதான். நடு இடத்துக்கு ஆசைப்பட்டுச் செய்துவிட்டு, பழியைத் தங்கை தலையில் கட்டியிருக்கிறாள். அண்ணி, "இருக்கலாம் தம்பி. அந்த அக்கா என்ன சொல்றாங்கன்னு கேப்போம்," என்றாள்.

அக்காவின் முன்னறையில் சுவர் தெரியாமல் பாடகியின் படங்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒன்று. அதன் எதிரே ஒற்றை மெஷினும் தலையணை உறைக் குவியலும். அக்கா தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். மைதானத்தின் பின்கோடியில் இருந்த பொதுக் கழிப்பறை வரிசையில்தான் போனதாகவும், எந்தக் கதவு என்று நினைவில்லை என்றும் சொன்னாள். யாரையும் பார்க்கவில்லையாம். அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். உள்ளே இருந்தபோது பாட்டாவது கேட்டதா?

"எங்க கேட்டுது? கடைசிப் பாட்டுங்க. ஒரு வார்த்தை புரியலை. டமடமன்னு நெஞ்சுல இடிக்குது, அவ்வளவுதான். புதுப் பாட்டா பழைய பாட்டான்னுகூடத் தெரியலை. இருபது வருஷம் நின்னதுக்கு எனக்குக் கிடைச்சது அந்த இடிதான்."

அண்ணி தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டாள்.

மைதானத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள் இன்னும் இறங்கவில்லை. யாரோ மைக்கில் லாரிகளை வரிசைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கொழுந்தனைப் பின்கோடிக்கு அனுப்பி, பொதுக் கழிப்பறை ஒன்றுக்குள் நின்று கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கணுக்கால் வரை சேறு. மைக் பிடித்தவர் ஒரு டிரைவரைத் திட்டிய திட்டில் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை, காதுக்குள்ளே வந்து திட்டியது போல இருந்தது. வெளியே வந்ததும் மேடைக்குப் பின்னால் போகச் சொன்னாள். அங்கே பலகை பாவிய தரையில் மேடைக்காரர்களுக்கென்று தனியாக மூன்று நான்கு கழிப்பறைகள். உள்ளே நின்றான். திட்டு நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் அல்லவா, வெறும் உறுமல்தான் வந்தது.

வெளியே வந்தபோது அவன் செருப்புச் சேறு பலகையில் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். பேக்கரிக்காரி மேலிருந்த சந்தேகம் அவனை விட்டு மெல்லக் கழன்றது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற எவராலும் அந்தக் கதவுக்கு வந்திருக்க முடியாது.

கம்பி முடிகிற இடத்தில் ஒரு சின்ன கேட். அதன் அருகே செக்யூரிட்டி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். நீ பூட்டினாயா என்று அண்ணி கேட்கவில்லை. எரிந்த கிடங்கின் வாட்ச்மேனிடம் பேசுகிற அதே குரலில், "அந்தம்மாவை எவ்வளவு நேரம் உள்ள வைக்கச் சொன்னாங்க?" என்று கேட்டாள். செக்யூரிட்டி பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, கடைசிப் பாட்டு முடிகிற வரைக்கும்தான் சொன்னார்கள், அப்புறம் திறக்க வேலை மும்முரத்தில் மறந்துபோச்சு என்றார். அவருக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. சொன்னது யார் என்பதையும் அவரே சொன்னார்.

சாயங்காலம் அக்காவின் முன்னறையில் எல்லாரும் கூடினார்கள். அண்ணி சொல்லி பேக்கரிக்காரியும் வந்திருந்தாள். தங்கை வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"உங்க தங்கச்சி துடைக்கப் போனப்போ உங்க வெறுங்கால் காஞ்சிருந்தது. பொதுக் கழிப்பறைக்கு ஒத்தைச் செருப்போட போனவங்க கால்ல கணுக்கால் வரைக்கும் சேறு இருக்கணும். அங்க நின்னா பாட்டு வார்த்தை வார்த்தையாக் கேக்கும், தம்பி போய் நின்னு பாத்தார். உங்களுக்கு இடி மட்டும்தான் கேட்டுது. ஸ்பீக்கருக்குப் பின்னாடிதான் அப்படிக் கேக்கும். நீங்க கம்பிக்கு அந்தப் பக்கம் போனீங்க."

அக்கா பேக்கரிக்காரியைப் பார்த்தாள். பேக்கரிக்காரியின் முகம் மாறிக்கொண்டிருந்தது.

"செக்யூரிட்டி என்னிக்கும் இல்லாத அன்பா கேட்டைத் திறந்து, வரிசை நீளமா இருக்கும்மா, இப்படிப் போங்கன்னு சொன்னார். நேரம் இல்லை, போனீங்க. அதை வெளிய சொன்னா கம்பியில உங்க இடம் போயிடும். அதனால பின்கோடின்னு சொன்னீங்க. மேடைக்குப் பின்னாடி உங்க தங்கச்சி வந்திருக்கவே முடியாதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். எல்லாரும் அவங்களைப் பாத்தப்போ வாயை மூடிக்கிட்டீங்க."

கொழுந்தனுக்கு இது புதிது. கேட் வரைக்கும் அவனும் யோசித்திருந்தான், ஆனால் தெரிந்தே ஒருத்தி உடன்பிறந்தவளைப் படியில் இறக்குவாள் என்று அவன் மூளைக்குத் தோன்றவே இல்லை. தங்கையைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் தலையணை உறை ஒன்றை மடித்தாள். பிறகு, "இவளுக்கென்ன, கோவம் ஆறினா திரும்பி வந்திருப்பா. இடம் போனா வருமா?" என்றாள். பாடகிதான் இனிப் பாடப் போவதில்லையே, எந்த இடம் என்று கொழுந்தன் கேட்க வாயெடுத்தான். அண்ணி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அப்போ என்னைப் பூட்டினது யாரு?" என்று அக்கா கேட்டாள். அதுதான் அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

அண்ணி தயங்கினாள். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டு வந்தது கொழுந்தனுக்குத் தெரியும். வாசலிலிருந்து தங்கை, "முழுசாச் சொல்லிடுங்க. பாதி சொன்னா மறுபடியும் என் தலையிலதான் விடியும்," என்றாள்.

"கேபிள் டை போட்டது செக்யூரிட்டி. போடச் சொன்னது பாடகியோட மேனேஜர். மேனேஜர்கிட்ட சொன்னது அந்தப் பாடகியம்மாவேதான். மத்தியானம் ஒத்திகைக்கு வந்து, மேடைப்படியில நின்னு கம்பியைப் பாத்துட்டுச் சொன்னாங்களாம். செக்யூரிட்டி காதால கேட்டிருக்கார். 'அந்த முகம் இன்னிக்கு முன்னால இருக்கக் கூடாது. இருபது வருஷமா அதே முகம். கண்ணை மூடினாலும் வந்து நிக்குது. படம் பிடிக்கிறாங்க, நடுவுல ஒரு சின்னப் பொண்ணா நிறுத்துங்க.' இவ்வளவுதான் சொன்னாங்க."

தங்கை வாசற்படியைத் தாண்டி ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்கா விழுந்துவிடுவாள் என்றுதான் கொழுந்தனும் நினைத்தான், சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று தேடினான்.

அக்கா விழவில்லை. அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. கல்யாணப் பேச்சு எடுத்ததும் பெண்களுக்குச் சிவக்குமே, அப்படி.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "என்ன சொன்னாங்க? அந்த முகம்னா?"

அண்ணி சொன்னாள்.

"கண்ணை மூடினாலும் வருதுன்னாங்களா?"

"ஆமா."

அக்கா பேக்கரிக்காரியின் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? நான் அவங்க கண்ணுல பட்டதே இல்லைன்னு சொல்வியே. இருபது வருஷம்னு எண்ணி வச்சிருக்காங்க." 

அக்கா சட்டத்தை மீறியதைக் கேட்க வாயைத் திறந்து வைத்திருந்த பேக்கரிக்காரி அதை மூடிக்கொண்டாள். அவள் கண்ணில் கொழுந்தன் பார்த்தது பச்சைப் பொறாமை.

தங்கை இன்னும் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "அக்கா," என்றாள். "நான் இல்லைன்னு ஆயிடுச்சு, இல்லையா?"

முந்தைய நாள் ராத்திரிக்குப் பிறகு அக்கா முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு," என்றாள் அக்கா. "படத்தை மறைக்கிற."

தங்கை தள்ளி நின்றாள்.