விருச்சிகம் – துணை

சோலையம்மாள் இரண்டு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள்.

ஊர்க்காவலன் ஒன்றுதான் கேட்டிருந்தான். பதினெட்டு வருஷமாக ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில், இதே கடையில், காலை ஏழு மணிக்கு, சர்க்கரை கம்மியாக ஒரே ஒரு டீ. அதைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் என்னதான் இருக்கிறது இந்தப் பொம்பளையின் தலைக்குள் என்று நினைத்தான்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"கூட வந்தவுகளுக்கு." அவனுக்கு இடப்பக்கம் பார்த்துச் சொன்னாள். பிறகு அவள் முகம் சுருங்கியது. "இப்பத்தான இங்கன உக்காந்திருந்தாக..."

பெஞ்சில் யாரும் இல்லை. கண்புரையை எடுக்க நல்ல நாள் பார்த்துப் பார்த்தே ஒரு கண்ணைத் தொலைத்தவள் அவள். மிச்சமிருக்கும் கண்ணில் வேறு என்ன தெரியும்? அவன் தன் டீயைக் குடித்தான். மற்ற கிளாஸிலிருந்து ஆவி நேராக எழுந்தது. பாதி உயரத்தில், யாரோ ஊதியதுபோல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று என்று அவன் நினைத்துக்கொண்டான். சாலையோரக் கருவேலம் ஒரு இலைகூட அசையாமல் நின்றது.

கல்லாவுக்குப் பின்னால் நாள்காட்டி தொங்கியது. அவன் வேலை பார்க்கும் அச்சகத்தின் தினத்தாள். 2007 ஜனவரி 23, தை ஒன்பது, செவ்வாய். அடியில் பன்னிரண்டு ராசிகள், ராசிக்கு ஒரு சொல். மேஷம் – லாபம். ரிஷபம் – பகை. எட்டாவது, விருச்சிகம் – துணை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அட, இன்றைக்குத்தானா அது.

சிவகாசியில் அவன் பிழை திருத்துகிறவன். தமிழில் எம்.ஏ. கல்லூரி வாத்தியாராகப் போகவேண்டியவன், அச்சு மையும் கோந்தும் நாறுகிற அறையில் உட்கார்ந்து ராகு காலத்தில் கால்புள்ளி தேடிக்கொண்டிருந்தான். திதியும் நட்சத்திரமும் ஒரு பஞ்சாங்கக்காரர் கணித்து அனுப்புவார். ராசிபலன் சொல்லை மட்டும் எந்த ஜோசியனும் எழுதித் தரமாட்டான். ஒரு வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள், எவன் உட்கார்ந்து எழுதுவது? ஊர்க்காவலன் எழுதினான். பாக்கு மென்றபடி, கைக்கு வந்ததைப் போட்டான். மாமியார் வந்து தங்கிய வாரம் முழுக்க அவள் ராசிக்குச் செலவு, பகை, அலைச்சல் என்று போட்டுப் பழி தீர்த்துக்கொண்டான். நாட்டில் பாதி ஜனம் பல் விளக்கும் முன்னால் அதைப் படித்து நெஞ்சில் கை வைக்கிறது. படித்தவன், படிக்காதவன், வக்கீல், டாக்டர் எல்லோரும். இந்த மந்தையை நினைத்தால் அவனுக்குக் குமட்டும்.

போன ஆடி மாதம், ஆர்டர் பிடிக்கக் காட்டும் நாள்காட்டி மாதிரிகளின் ஆல்பம் வேலை நடந்தபோது, முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து போட்டார். அவர் பாட்டனார் காலத்தில் ஏதோ ஜோதிட ஓலைச்சுவடியிலிருந்து பெயர்த்து எழுதியது. ராசிகளுக்கு நாளுக்கொன்றாகச் சொல்ல வேண்டிய சொற்கள் மொத்தம் அறுபது, பாட்டாகவும் பட்டியலாகவும் இருந்தன. "பழஞ்சுவடிப்படி கணித்ததுன்னு அட்டையில போட்டா ஆர்டர் பிச்சிக்கிட்டுப் போகும்லே," என்றார். விளக்குக்கரியில் செய்த மை, வேப்பெண்ணெய், ஈரக் காகிதம் எல்லாம் கலந்த ஒரு வாசம் அந்த நோட்டில் அடித்தது.

மரணம், விஷம், சிறை, தீ எல்லாம் பட்டியலில் பச்சையாகவே இருந்தன. கடைசிச் சொல்லின் மேல் மட்டும் கறுப்புக் காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தார்கள். அவன் எச்சில் தொட்டு அதை உரித்தான். உள்ளே இருந்தது 'துணை'. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'இச்சொல்லை எவர் ராசிக்கும் எழுதற்க. வருவது திரும்பாது.'

மரணத்தைத் திறந்து வைத்துவிட்டுத் துணையை மூடி வைத்திருக்கிறான் மடையன் என்று அன்றைக்கு அவன் அறை அதிரச் சிரித்தான்.

"வேணாம் சார்," என்றாள் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் நசிமா. "காரணமில்லாமயா ஒட்டி வச்சிருப்பாக?"

"ஒங்க வீட்டுல ஜாதகமே பாக்க மாட்டீக. நீ ஏன்மா நடுங்குறே?"

"ஜாதகம் இல்ல சார். பயம் இருக்குல்ல."

அந்தப் பதிலுக்காகவே அவன் அந்தச் சொல்லைப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு தாள்களில் விரலை வைத்தான். தை ஒன்பது வந்தது. "என் ராசிக்கே அடி. விருச்சிகம். வர்றது வரட்டும்."

அவன் இதை நினைத்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. சோலையம்மாள் இரண்டாவது கிளாஸைத் தொடாமல், முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள். கிளாஸில் டீ பாதிதான் இருந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்தான். பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டான்.

"சிவகாசி ஒண்ணு."

கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். "அவுகளுக்கும் சேத்துத்தான சார்?" கேட்டவன் பதிலுக்கு நிற்காமல் முன்னால் போய்விட்டான். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நகக்கண்ணில் வெள்ளிப்பொடி, தூக்குவாளியில் புளிச்சோறு. ஊர்க்காவலனுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ஒருத்தி உட்காரக் குனிந்தாள். "ஆள் இருக்காகளா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீஸ், கருவேலம், மறுபடி கரிசல் காடு. வீட்டை நினைத்துக்கொண்டான். மகள் வேல்விழிக்கு லேசாகக் காய்ச்சல், இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. ஆறு வயது. நேற்றுத்தான் முன்பல் ஒன்று விழுந்தது. பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டுக்கு மேல் எறிந்தார்கள் தாயும் மகளும். அதற்கும் அவன் ஒரு பாட்டம் திட்டினான். அவள் பிறந்தபோது மனைவி பாலம்மாள் ஜாதகம் எழுதவேண்டும் என்று அழுதாள். என் பிள்ளைக்கு ராசியும் கிடையாது நட்சத்திரமும் கிடையாது என்று சொல்லிவிட்டான். அதில் அவனுக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஜன்னல் திறந்திருந்தும் அந்த வாசம் வந்தது. விளக்குக்கரி. வேப்பெண்ணெய். ஈரக் காகிதம். இடப்பக்கத்திலிருந்து.

அச்சகத்தில் சீசன் முடிந்த அமைதி. மெஷின்கள் உறை போர்த்திக் கிடந்தன. மாடிப்படியில் ஏறும்போது தன் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால், அரைப்படி தாமதமாக, வெறுங்காலின் சத்தம் ஒன்று வருவதைக் கேட்டான். அவன் நின்றான். அது ஒரு படி ஏறி நின்றது. பழைய கட்டடம், எதிரொலி கேட்கத்தான் செய்யும். எம்.ஏ. படித்தவன் அவன்.

நசிமா நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று எழுந்து துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். நான்கு வருஷமாக அவனுக்கு முன்னால் அவள் முக்காடு போட்டதில்லை. அண்ணனிடம் பழகுவதுமாதிரிதான் பழகுவாள். வெளியாள் யாராவது அறைக்குள் வந்தால்தான் போடுவாள்.

"என்னம்மா, புதுசா மரியாத?"

"கூட ஆள் இருக்காகன்னு..." அவள் கண் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு கீழே தரையைப் பார்த்தது. "சார், இன்னைக்குத் தை ஒம்பதா?"

அவன் சிரித்தான். சத்தம் கூடிப்போன சிரிப்பு. "அதுக்கு என்ன இப்போ?"

"உங்க வீட்டுல வேற யாருக்கும் விருச்சிகம் இல்லையே சார்?"

"பாலம்மா கன்னி. பிள்ளைக்கு..."

பிள்ளைக்கு என்ன ராசி என்று அவனுக்குத் தெரியவில்லை.

தெரியாததில்தான் இத்தனை நாள் பெருமை. ஒன்றுமில்லை, பார்த்துவிட்டால் தீர்ந்தது. இந்தப் பெண்ணின் வாயையாவது அடைக்கலாம். அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து போட்ட ஒவ்வொரு வருஷத்து நாள்காட்டியும் சுவர் அலமாரியில் இருந்தது. 2000-ஐ உருவினான். தூசி பறந்தது. நவம்பர் 26, கார்த்திகை பதினொன்று, ஞாயிறு. விருதுநகர் ஆஸ்பத்திரியில் நடுப்பகலில் பிறந்தாள்.

அந்தத் தாளைப் பிழை திருத்தியதும் அவன்தான். அமாவாசை கழிந்த பிரதமை. நட்சத்திரம் அனுஷம்.

அனுஷம் என்ன ராசி என்பது பதினெட்டு வருஷம் பஞ்சாங்கம் திருத்தியவனுக்குத் தெரியாமலா இருக்கும். அன்றைய தாளில் விருச்சிகத்துக்கு அவனே, பாக்கு மென்றபடி, ஒரு சொல் போட்டிருந்தான். வரவு.

"விருச்சிகம்," என்று வாய்விட்டுப் படித்தான்.

அறையில் ஏதோ மாறியது. என்ன என்று உடனே தெரியவில்லை. மூச்சை இழுத்தான். கோந்து வாசம் வந்தது, மை வாசம் வந்தது. வேறு எந்த வாசமும் இல்லை. நசிமாவின் துப்பட்டா தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. அவள் அதைத் திரும்ப இழுத்துவிடவில்லை.

"போயிட்டாக சார்," என்றாள்.

"யாரு?"

"உங்க கூட வந்தவுக. நீங்க ராசியச் சொன்னதும் படியில எறங்கிட்டாக."

அவன் மாடிப்படியில் விழுந்தடித்து ஓடினான். வெளியே காலை வெயில். தெருவில் அவன் நிழல் மட்டும் நீண்டு கிடந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் ஒரே டிக்கெட் கொடுத்தான். பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் தாராளமாக உட்கார்ந்து தூங்கினான். போகும்போது இரண்டாவது டிக்கெட்டை வாங்கியபோது கூசியவன், இப்போது அந்த இரண்டாவது டிக்கெட்டுக்காக அழுதுவிடுவான் போலிருந்தது. என்னோடேயே இரு. என்னிடம்தானே வந்தாய். வாயை அசைத்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். இருக்கன்குடி மாரியை வேண்டினான். எந்த மந்தையைப் பார்த்துக் குமட்டியதோ அந்த மந்தைக்கு நடுவில் உட்கார்ந்து வேண்டினான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே வேண்டினான்.

ஆமத்தூர். இறங்கினான். ஓடினான்.

வீட்டு வாசலில் பாலம்மாள் வெடிக்குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"என்னங்க, போன சுருக்குல வந்துட்டீக?"

"வேல்விழி எங்க?"

"உள்ள. ரெண்டும் வெளையாடுதுக."

"ரெண்டும்னா?"

பாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் அலைந்து வந்த புருஷனை ஒரு பெண்டாட்டி பார்க்கிற பார்வை. "ரெண்டும்னா ரெண்டும்தான். நம்ம பிள்ளைகதான். என்ன ஆச்சு உங்களுக்கு? சாப்பிட்டீகளா?"

உள்ளே இருட்டாக இல்லை. ஓட்டுக் கண்ணாடி வழியே வெயில் கட்டமாக விழுந்துகிடந்தது. அந்தக் கட்டத்துக்குள் இரண்டு பெண் குழந்தைகள் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே பச்சைப் பாவாடை. அதே இரட்டைச் சடை. இரண்டு முகங்களும் ஒன்றாகத் திரும்பின.

"அப்பா," என்றன.

அழக்கூடாது. அலறக்கூடாது. அவன் வேலையே இதுதானே. மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பார்த்து, பிழையைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பார்த்தான்.

வேல்விழிக்கு வலப்புருவத்தில் தழும்பு உண்டு, அம்மிக்கல்லில் விழுந்தது. இடப்பக்கம் இருந்தவளுக்கு இருந்தது. வலப்பக்கத்தவளுக்கு இல்லை. பிடித்துவிட்டான்! அவன் கண் அந்த வெறும் புருவத்தில் நிலைத்தது. அவன் எங்கே பார்க்கிறான் என்று அவளும் பார்த்தாள். விரலை எடுத்துப் புருவத்தை ஒரு முறை தடவினாள். விரலை எடுத்தபோது தழும்பு இருந்தது.

காய்ச்சலுக்குக் கையில் கட்டிய கறுப்புக் கயிறு. ஒருத்திக்கு உண்டு. ஒருத்திக்கு... அவன் பார்த்தான். கயிறு வந்தது.

பல்.

பார்க்காதே என்று தனக்குச் சொன்னான். கண் கேட்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம். பிழை இருக்கும் இடத்தில் போய் நின்றது.

வலப்பக்கத்தவளின் வாய் நிறையப் பல் இருந்தது. அவள் சிரித்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டாள். ஒரு சின்னச் சத்தம். எழுந்து வாசலுக்குப் போய் அம்மாவின் உள்ளங்கையில் எதையோ வைத்தாள்.

"அடி ஆத்தி, ஒனக்கும் விழுந்துருச்சா," என்று பாலம்மாள் சிரிப்பது கேட்டது. "இரு, சாணி எடுத்தாரேன்."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இனி பார்க்கமாட்டேன். திருத்திக் கொடுக்கமாட்டேன். மூடிய கண்ணுக்குள் வெயில் சிவப்பாக அடித்தது. வெறுங்கால்கள் திரும்பி வந்தன. கற்கள் கலைந்தன. இரண்டு பக்கமும் மெல்லிய மூச்சு, இரண்டு சுண்டுவிரல்கள் அவன் கைகளின் இரண்டு சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டன. இரண்டும் ஒரே சூடு. காய்ச்சல் சூடு.

"அப்பா, கண்ணத் தொறங்க."

"அப்பா, கண்ணத் தொறங்க."

திறந்தான்.

இடப்பக்கம் ஒருத்தி. வலப்பக்கம் ஒருத்தி. அவர்கள் இடம் மாறியிருக்கிறார்களா என்று அவனுக்குத் தெரியவில்லை. தழும்பு சரி. கயிறு சரி. ஒரு பிழையும் இல்லை. இருவரும் அவனை அண்ணாந்து பார்த்து, விழுந்த பல்லின் ஓட்டைக்குள் நாக்கு நுனியை நுழைத்து நுழைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.